குடிக்கூலி

சனிக்கு ஏழரை வேண்டும்.
இங்கிலாந்து வரித்துறைக்கு
ஏழு போதும்.

லெம்ஸ்டரில், வக்கீல் அறையில்,
ஹெட்லி ப்ராஸர்
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தார்.
வீட்டை இன்று மகளுக்கு எழுதிக் கொடுங்கள்.
பிறகு ஏழு ஆண்டு உயிரோடு இருங்கள்.
மூன்று முடியுமுன் போய்விட்டால்
நூற்றுக்கு நாற்பது.
அப்புறம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கும்:
முப்பத்திரண்டு, இருபத்துநான்கு,
பதினாறு, எட்டு.
ஏழு கடந்தால் ஒன்றுமில்லை.
"வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும்தான்"
என்றார் வக்கீல் திருமதி டட்ஜ், ஆறுதல்போல.

நாற்பத்தொரு வருடம் ஏலம் விட்டவர் ஹெட்லி.
செத்தவர் வீட்டு மேசை, கடிகாரம்,
ஜோடியில் ஒன்று காது உடைந்த பீங்கான் நாய்.
வரி கட்ட வழியில்லாத பிள்ளைகள்
வாசலிலேயே நிற்க,
ஒருதரம், இரண்டுதரம் என்று
அவர்களைப் பார்க்காமல் சுத்தியலை ஓங்கியவர்.

"கொடுத்துவிட்டு நான் எங்கே இருப்பது?"
"அங்கேயே. வாடகை கொடுத்து.
சந்தை வாடகை, சலுகை கூடாது.
சும்மா குடியிருந்தால்
கொடுத்தது கொடுத்ததாகாது."

பிறந்த அறைக்கு வாடகை.
நான்காம் படி மிதித்தால் முனகும்,
அந்த முனகலுக்கும் சேர்த்து
மாதம் தொள்ளாயிரத்து எண்பது பவுண்டு.

ரொவீனா பிரிஸ்டலில் கண் மருத்துவமனையில் வேலை.
கிறிஸ்துமஸுக்கு வருவாள்,
மறுநாள் மழைக்கு முன் கிளம்பிவிடுவாள்.
"வங்கி வழியாகவே அனுப்புங்களேன், அப்பா."
"வாடகையை
வீட்டுக்காரி வந்து வாங்கட்டும்."

வந்தாள். மாதத்தின் முதல் சனிக்கிழமைகளில்.
"வீட்டுக்காரியம்மா, குழாய் ஒழுகுகிறது."
அவள் ஆள் அனுப்பினாள்.
வாடகை வருமானத்துக்கு வரி கட்டினாள்:
ஒன்றுக்குத் தப்ப இன்னொன்று.
ஏணியை எடுத்துப் பூட்டினாள்.
உப்பிட்ட பன்றிக்கறியை ஒளித்தாள்.
நான்காம் ஆண்டில் ஒருநாள்
ஆறிப்போன ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு அவர் கேட்டார்:
"யாரைக் காப்பாற்றுகிறாய்?
என்னையா, இருபத்துநான்கையா?"

இரண்டு மாதம் வரவில்லை.
காசோலைகள் உப்புச் சாடிக்கு அடியில் கிடந்தன.
மூன்றாம் மாதம் வந்தாள்,
மூன்றையும் எடுத்துக்கொண்டாள்.
இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆறு ஆண்டும் பத்து மாதமும் ஆனபோது விழுந்தார்.
ஏணியிலிருந்து அல்ல;
ஈரத்தில், குப்பைத் தொட்டி மூடியில் கால் வைத்து.
ஹெரிஃபோர்ட் மருத்துவமனை நடைபாதையில்
ரொவீனா நின்றாள்.
உள்ளே இடுப்பெலும்பைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள்.
அவள் கட்டைவிரல்
மற்ற விரல்களின் கணுக்களில் தானாக நகர்ந்தது.
மே மிச்சம், ஜூன், ஜூலையில் கொஞ்சம்.
அறுபத்தொன்று.
சொல்லி முடித்தபின்தான்
என்ன எண்ணினோம் என்று தெரிந்தது.
கையை அக்குளுக்குள் திணித்துக்கொண்டாள்.
யாரும் பார்க்கவில்லை,
சில்லறை விழுங்கி நிற்கும் காபி எந்திரம் தவிர.

பிழைத்தார்.
நாள் வந்தது, ஒரு செவ்வாய்.
முதன்முறையாகச் சனிக்கிழமை அல்லாத நாளில் வந்தாள்.
"இனி வாடகை வேண்டாமா?"
"வேண்டும். நீங்கள் இருக்கிறவரை."
"நல்லது" என்று பேனாவைத் தேடினார்.
அடுத்த மாதத்துக் காசோலை,
தேதியை மெதுவாக எழுதினார்.
தலை நிமிராமலே கேட்டார்:
"அன்றைக்கு ஆஸ்பத்திரியில்
உனக்கு எத்தனை வந்தது?"

அடுப்பில் கெட்டில் சீறத் தொடங்கியது.
அவள் எழுந்து போகவில்லை.

"அறுபத்தொன்று."

"தள்ளுவண்டியில் படுத்தபடி நானும் எண்ணினேன்.
எனக்கு அறுபத்திரண்டு.
ஏலக்காரன் புத்தி,
ஒன்று ஏற்றிக் கேட்டிருக்கிறேன்."

காசோலையைக் கிழித்து நீட்டினார்.
"குழாய் மறுபடி ஒழுகுகிறது" என்றார்.